தையலுக்குள் இருந்த சிவப்பு

இருங்கோ அண்ணை, இருங்கோ. எழும்பாதேங்கோ. அது கொண்டக்டர் இல்லை, நான். "சந்நிதி இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ, கெதியா, கெதியா!" என்றது இந்த வாய்தான். சந்நிதிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்கிறது. இப்போதுதான் கோப்பாயே வருகிறது. உண்மையான கொண்டக்டர் அந்தா, பின்வாசலில் தொங்கிக்கொண்டு யாரோடோ போனில் கதைக்கிறார். ஐயோ, முன்சீட்டு அம்மாவும் பையைத் தூக்கிவிட்டா. அம்மா, இருங்கோ, சும்மா பகிடிக்கு! முறைக்கிறா. முறைக்கட்டும்.

நீங்கள் சிரிக்கிறீங்கள், நல்லது. சிரிக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்கும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். அதுவும் என்னைக் கண்டால் கடைக்காரர் தேவன் அண்ணைகூட முகத்தை ஷட்டர் மாதிரி இழுத்து மூடிவிடுகிறார்.

மடியில் இருப்பதா? சீலை. பட்டச் சீலை. பிடியுங்கோ ஒரு முனையை. பயப்படாதேங்கோ, கடிக்காது. ஒருகாலத்தில் நண்டு, பிறகு திருக்கை, இப்போது சும்மா சீலை. இதைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் கடை கடையாகக் காட்டி, இதே மாதிரிப் புதுச் சீலை இருக்கிறதோ என்று கேட்டேன். ஒருவர் கையால் தடவிப் பார்த்து, "இது குடைச் சீலையல்லோ தம்பி" என்றார். இன்னொருவர், "இதுக்கு உயிர் போயிட்டுது, ஏன் பிணத்தைக் காவிக்கொண்டு திரியிறாய்?" என்றார். குரலைக் கேட்டீங்களா? மூக்கால் கதைக்கிற ஆள். தங்கப்பல் வேறு. பல்லைச் செய்ய முடியாது, மற்றதெல்லாம் வரும்.

நான் சாருஜன். ஏ.எல். படிக்கிறேன், படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குப் பின்னேரம் எங்கள் ஊர் வாசிகசாலையில் பொங்கல் பட்டப் போட்டிக்குப் பேர் குடுக்கிற கடைசி நேரம். தனி ஆளாகக் குடுக்க ஏலாது. பெரிய பட்டத்துக்கு ஒருத்தன் கயிற்றைப் பிடிக்க, ஒருத்தன் பட்டத்தைத் தூக்கி விட வேண்டும், ஆகவே இரண்டு பேராவது வேணும் என்பது போட்டி நடத்துகிற கழகத்துச் சட்டம். என் பேர் இருக்கிறது. மற்றப் பேர் மயூரதன். அவன் ஓம் என்றால் சரி. ஆனால் அவன் என்னோடு கதைக்கிறதில்லை. போன பொங்கலிலிருந்து ஒரு சொல் இல்லை.

துரோகி அண்ணை அவன். பச்சைத் துரோகி. ஊர் முழுக்கக் கூடி நிற்கிற இடத்தில் வைத்து என் கழுத்தை அறுத்தவன். ஆனாலும் அவன்தான் வேணும். முச்சை அவன் கட்டினால்தான் பட்டம் நிற்கும். முச்சை என்றால், பட்டத்தின் நெஞ்சில் மூன்று இடத்தில் நூல் கட்டி ஒன்றாக முடிகிறது. அந்த முடிச்சு ஒரு விரல் கீழே போனால் பட்டம் குத்துக்கரணம் போடும், மேலே போனால் படுத்துவிடும். அவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவான். நான் கண்ணைத் திறந்துகொண்டு கட்டினாலும் குத்துக்கரணம்தான்.

வேறு ஆளைப் பிடிக்கலாமே என்று நினைக்கிறீங்கள். கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் வருகிறார்கள் இல்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கோ.

மயூரதனின் அப்பா, நாதன் மாமா, கப்பலில் வேலை. சாமான் ஏற்றுகிற கப்பல். எந்தக் கடலில் நிற்கிறார், எப்போது வருவார் என்று மாமிக்கே தெரியாது. கப்பல் கரை தொட்டால் போன் வரும், இல்லையென்றால் இல்லை. ஒருமுறை லீவில் வந்தபோது எந்தத் துறைமுகத்திலோ வாங்கின பரசூட் சீலை ஒரு முழு உருளை தோளில் வைத்துக்கொண்டு வந்தார். சிவப்பு. என்ன சிவப்பு! பார்த்தால் கண் கூசும். "ம்க்கும். மோனை, பட்டத்துக்கு. கேக்குதோ?" என்று மயூரதனிடம் குடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஆகவே எனக்கும் தந்தது மாதிரித்தான்.

மாமாவின் கதை அப்படித்தான் அண்ணை. தொண்டையைக் கனைத்துப்போட்டு ஒரு சொல், பிறகு "கேக்குதோ? கேக்குதோ மோனை?" கப்பல் போனில் கத்திக் கத்திப் பழகின வாய். பக்கத்தில் இருந்து சோறு சாப்பிடும்போதும், "அந்தச் சொதியை இஞ்சால தள்ளு, கேக்குதோ?" என்பார். நான் ஒரு நாள் கேட்டேன், அடுத்த நாள் எனக்கு வந்துவிட்டது. மாமாவே விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், நான் கப்பலுக்குப் போனா நீ வீட்டில இரு, மாமிக்கு ஆள் குறையாது" என்றார். அவரே சொன்னது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

அந்தச் சீலையில் நாங்கள் நண்டு கட்டினோம். ஆள் உயரத்துக்கு மேலே உடம்பு, இரண்டு பக்கமும் கொடுக்கு, கயிற்றை இழுத்தால் கொடுக்கு திறந்து மூடும். முதுகில் விண் பூட்டினோம். விண் தெரியும்தானே? வில்லு மாதிரி வளைத்து நார் கட்டினால் காற்றில் கூவும். நண்டு மேலே போய் நின்று கூவினபோது மைக்கில் ஆள் சொன்னார், "அன்பார்ந்த பெருமக்களே! மேகங்களுக்கு நடுவே ஒரு... ஒரு... அவித்த நண்டு!" கடற்கரை முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் இடம் கிடைத்தது. முதலாம் இடம் ஒரு விமானத்துக்கு, சரி விடுங்கோ.

பொங்கல் முடிந்த உடனே மயூரதன் சொன்னான், "கழுவிக் காயவைச்சு நிழலில சுருட்டி வைப்பம்." கிழவன் மாதிரி. காற்று நிற்கும்போது எவனாவது பட்டத்தைச் சுருட்டி வைப்பானா? நான் தினமும் ஏற்றினேன். ஏற்றிப்போட்டுக் கயிற்றை வடலி மரத்தில் கட்டிவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போவேன். அது பாட்டில் வெயிலில் நிற்கும். பின்னேரம் வந்தாலும் நிற்கும். மாசி முழுக்க நின்றது, பங்குனியில் காற்று விழும்வரைக்கும் நின்றது.

அப்போதுதான் அண்ணை, சீலையும் துரோகம் செய்யும் என்று எனக்குத் தெரிந்தது.

முதலில் நிறம் போகும் என்றுதானே நினைப்பீங்கள்? இல்லை. முதலில் போவது சத்தம். புதுச் சீலையைக் கசக்கினால் முறுக்குச் சாப்பிடுகிற மாதிரி சரசர, சரசர. அதன்மேல் ஏதோ மினுக்குப் பூச்சு இருக்கிறது, அது இருக்கும்வரைக்கும் கதைக்கும். ஒரு மாதம் வெயிலும் உப்புக்காற்றும் பட்டது, ஊமையாகிவிட்டது. இப்போது கசக்கிப் பாருங்கோ. ஒன்றும் இல்லை, உடுத்துக் கிழிந்த பழைய சாரம் மாதிரி. பிறகுதான் நிறம். சிவப்பு ரோஸாகி, ரோஸ் ஒரு மாதிரி முரசு நிறமாகி... பல்லுக்கு மேலே இருக்கிற முரசு, அந்த நிறம். மடித்த கோடெல்லாம் வெள்ளை விழுந்தது. அவித்த நண்டு நாளுக்கு நாள் பச்சை நண்டாகிறது, உலகத்திலேயே அப்படி நடந்தது எங்கள் நண்டுக்குத்தான். தேவன் அண்ணை கடையிலிருந்து கேட்பார்: "தம்பிமார், உங்கட நண்டு கறிச்சட்டிக்குள்ள இருந்து தப்பி ஓடி வந்ததோ?"

கடைசியாகத்தான் ஆகக் கள்ளமான வேலை நடக்கும். சீலை காற்றைக் குடிக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாது. கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை, பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் ஏறாது. ஏறினாலும் வெறிகாரன் மாதிரி ஆடும். மயூரதன்தான் கண்டுபிடித்தான். சீலையை வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். நீங்களும் ஊதுங்கோ. ஊதுங்கோ அண்ணை, கழுவினதுதான். மற்றப் பக்கம் கையை வையுங்கோ. மூச்சு கையில் படுகிறதா? அவ்வளவுதான். புதுச் சீலை என்றால் கன்னம்தான் வீங்கும், மூச்சு அந்தப் பக்கம் போகாது. அவன் அன்றைக்கு ஊதிப்போட்டுச் சொன்னான், "இது இனி ஒண்டையும் தாங்காது மச்சான்." நான் அவன் ஊதின மாதிரியே கன்னத்தை வீக்கி, "இது இனி ஒண்டையும் தாங்காது மச்சான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் மந்தமான ஆள்.

அடுத்த வருஷம் வந்தது. கழகத்தில் புதுச் சட்டம் போட்டார்கள்: போன வருஷத்துப் பட்டத்தை நிறம் மாற்றிக் கொண்டுவர ஏலாது, எல்லாம் புதிதாகக் கட்டினதாக இருக்க வேணும். மாமா கொண்டுவந்த உருளையில் மிச்சம் ஒரு சின்னத் துண்டுதான், தலையணைக்குக்கூடக் காணாது. மயூரதன் பொலித்தீனில் கட்டுவோம் என்றான். பொலித்தீன்! சின்னப் பெடியள் கட்டுகிறது. நான் சொன்னேன், நண்டைச் சாயத்தில் போட்டு அவிப்போம், கொடுக்கையும் காலையும் வெட்டிவிட்டு வால் வைத்தால் திருக்கை. யார் கண்டுபிடிப்பான்?

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பெரிய கிடாரம் வைத்து, நீலச் சாயம் கரைத்து, நண்டை இரண்டாம் முறை அவித்தோம். எடுத்தால் நீலம் இல்லை, கத்தரிக்காய். வெயில் கூடத் தின்ற இடத்தில் கறுப்பு, குறையத் தின்ற இடத்தில் ஊதா. ஆனால் பார்க்க அழகு. திருக்கையின் முதுகு அப்படித்தானே புள்ளி புள்ளியாக இருக்கும்? மயூரதன் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தான். பசை வைத்து மடித்துத் தைத்த விளிம்பு. அதற்குள்ளே வெயிலும் போகவில்லை, சாயமும் போகவில்லை. "இதைப் பிரிச்சுத்தான் தைக்கோணும். உள்ளுக்கு இன்னும் அப்பா கொண்டு வந்த நிறம் அப்பிடியே கிடக்கு" என்றான். "தையலுக்குள்ள தலையை விட்டு ஆர்ரா பாப்பான்? நீயே சொல்லிக் குடுத்தால்தான் உண்டு" என்றேன்.

கேட்டீங்களா? நானே வாயால் சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரம்தான் இன்னொன்று நடந்தது. கதைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் நீங்கள் சிரிக்கிற ஆள் என்பதால் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே ஆகத் திறமானது.

எங்கள் பெரியப்பாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றான். அவன் போனில் அந்த நாட்டு நம்பர். ஒரு பின்னேரம் அதை வாங்கி மயூரதன் வீட்டுக்கு அடித்தேன். கப்பல் லைன் மாதிரி இரைச்சல் வேணுமே? அந்தச் சிவப்பு மிச்சத் துண்டு என்னிடம் கிடந்தது, ஒரு பொட்டு வெயில் படாதது. அதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கினேன். சரசர, சரசர. நடுக்கடல்தான் அண்ணை! "ம்க்கும். மோனை... கேக்குதோ? அப்பா கதைக்கிறன். கொழும்புக்கு வந்திட்டன். இரவு பஸ் எடுக்கிறன், காலமை சந்தியில நில்லுங்கோ. கேக்குதோ மோனை?" அந்தப் பக்கம் அவன், "அப்பா? அப்பா? ஓம் அப்பா, கேக்குது, கேக்குது!" என்கிறான். பிறகு மாமி போனைப் பறித்தா. "இஞ்சேருங்கோ... உண்மையாவோ?" என்றா. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை, சீலையை நல்லாய்க் கசக்கிப்போட்டு வைத்துவிட்டேன்.

காலையில் சந்திக்குப் போனேன். பார்த்தால் இரண்டு பேரும் குடையோடு நிற்கிறார்கள். மாமி சீலை உடுத்து, பூ வைத்து. மயூரதன் பள்ளிக்கூட விழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டு. நான் தேத்தண்ணிக் கடைக்குள் இருந்து பார்க்கிறேன். ஒரு கொழும்பு பஸ் வரும், இரண்டு பேரும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள், பஸ் போகும். இன்னொன்று வரும், மறுபடியும் எட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் மாமி முந்தானையை இப்படி, இப்படி இழுத்துவிடுவா. சிரித்துச் சிரித்து என் வயிறு நொந்து போனது. கடைசி பஸ்ஸும் போன பிறகு நான் மெல்லப் பின்னால் போய் நின்று, "ம்க்கும். மோனை, கேக்குதோ?" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள் பாருங்கோ, ஒரே நேரத்தில்! அந்த முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேணும்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தா. தூறல் மழைதானே, முகமெல்லாம் தண்ணி. குடை இருந்தது, ஆனாலும் எப்படியோ நனைந்திருந்தா. வீட்டில் கணவாய்க் கறி வைத்திருந்தா என்று பிறகு கேள்விப்பட்டேன், மாமாவுக்குப் பிடிக்கும் என்று. எனக்கும் பிடிக்கும், ஆனால் கூப்பிடவில்லை.

மயூரதனுக்குக் கோபம் என்று ஊரில் சொல்கிறார்கள். பொய். அடுத்த நாளே பட்டம் கட்ட வந்தான். மூங்கில் சீவினான், முச்சை கட்டினான். கதைக்கவில்லை, அவன் எப்போதும் அப்படித்தான். கோபம் என்றால் வருவானா? சொல்லுங்கோ.

பிறகு ஒரு கிழமையோ என்னவோ போய், மாமா உண்மையாகவே எடுத்திருக்கிறார். ஏதோ துறைமுகத்திலிருந்து, தெரியாத நம்பர், இரைச்சல். "ம்க்கும். மோனை, கேக்குதோ?" இவன் என்ன செய்தான் தெரியுமா? "போடா நாயே, வெக்கமில்லையோ உனக்கு? உன்னைப் பெத்தவளுக்கு இப்பிடிச் செய்வியோ?" என்று இன்னும் வெளியில் சொல்ல ஏலாத நாலைந்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மறுபடி அடித்தது. மறுபடியும் அதே பூசை. மூன்றாம் முறை போனையே நிறுத்திவிட்டான். அந்தக் கப்பலில் வேலை செய்கிற இன்னொருவரின் மனைவி உடுப்பிட்டியில் இருக்கிறா. அவ வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. மாமா கப்பல் தட்டில் போனோடு கனநேரம் நின்றாராம். "என்ர பெடியன் என்னை நாய் எண்டுட்டான்" என்று மட்டும் சொன்னாராம்.

இதைக் கேட்டதும் ஊரே என்னைப் பார்க்கிறது. நான் என்ன செய்தேன்? அந்த நேரம் நான் வீட்டில் படுத்திருந்தேன்! அவருடைய குரல் என் குரல் மாதிரி இருந்தால் அது என் பிழையா?

சரி, துரோகத்துக்கு வருகிறேன்.

பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் திருக்கை மணலில் படுத்திருக்கிறது, வால் மட்டும் தென்னை உயரம். நடுவர் ஐயா ஒவ்வொரு பட்டமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார், பின்னால் மைக் பிடிக்கிறவர். "தம்பிமார், இது புதுச் சீலைதானே?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "புத்தம் புதுசு ஐயா! கொழும்பில இருந்து எடுப்பிச்சது. நிறத்தைப் பாருங்கோ, இந்த நிறம் இலங்கையிலயே வேற ஒருத்தரிட்டயும் இல்லை" என்றேன். அது உண்மைதானே? அந்த நிறம் யாரிடம் இருக்கும்? ஐயா சிரித்தார். தலையாட்டினார். அடுத்த பட்டத்துக்குத் திரும்பிவிட்டார் அண்ணை. திரும்பியே விட்டார்!

மயூரதன் குனிந்தான். கயிற்று முடிச்சைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தேன். பொக்கெற்றிலிருந்து நூல் அறுக்கிற பிளேட்டை எடுத்தான். விளிம்பில் வைத்து ஒரு இழுவை. தையல் பிரிந்தது. மடிப்பை விரலால் விரித்துப் பிடித்தான்.

உள்ளே சிவப்பு. மாமா தோளில் வைத்துக் கொண்டுவந்த அதே சிவப்பு. ஒரு விரல் அகலத்துக்கு, இரத்தம் மாதிரி.

"ஐயா, இது போன வருஷத்து நண்டு" என்றான். வாழ்நாளில் சத்தமாகக் கதைக்காதவன், மைக் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துக் கதைத்தான். கடற்கரை முழுக்க அது கேட்டது. பெடியள் "நண்டு! நண்டு!" என்று கத்தத் தொடங்கினார்கள். ஐயா என்னைத்தான் பார்த்தார், அவனையில்லை. பட்டம் மணலைவிட்டு எழும்பவே இல்லை. எங்கள் திருக்கை ஒரு காற்றும் காணவில்லை அண்ணை.

நான் அவன் சேட்டைப் பிடித்து, "ஏன்டா? ஏன்டா இப்பிடிச் செய்தனீ? அவர் போயிட்டாரேடா!" என்று கேட்டேன். அவன் என் கையை எடுத்து விட்டுவிட்டு, "பொய்யெண்டு தெரிஞ்சவன் பக்கத்தில நிண்டா, அவன் சொல்லத்தான் வேணும். சந்தியில எங்களுக்கும் ஆரும் ஒருத்தன் முதலாவது பஸ்ஸிலயே சொல்லியிருக்கலாம்" என்றான்.

இதற்கு என்ன அர்த்தம்? நான் பட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன், அவன் பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறான். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது, இவனுக்கு என்மேல் பொறாமை. நாலு பேர் என்னைச் சுற்றி நின்று சிரிக்கிறது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அதோடு முடிந்தது. என் நம்பரை அடைத்துவிட்டான். வீட்டுக்குப் போனால் மாமி படலையைத் திறக்கிறதில்லை. மாமா இந்த வருஷமும் வரவில்லையாம், இன்னொரு தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். போன் எடுப்பதும் குறைவாம். அது கப்பல்காரரின் அலுவல், அதற்கும் நான்தானா? இப்போது ஊரில் யாருக்கு யார் போன் எடுத்தாலும் நம்புகிறார்கள் இல்லை. தேவன் அண்ணை சாமான் வந்துவிட்டது என்று எடுத்தால், "நேரில வந்து சொல்லு" என்கிறார்களாம். பள்ளிக்கூட அதிபர் லீவு என்று போனில் அறிவித்தபோது ஒருத்தரும் நம்பாமல் மழைக்குள் முழுப் பிள்ளைகளும் போய் நின்றார்கள். அன்றைக்கு நான் சத்தியமாக எடுக்கவில்லை.

இருந்தாலும் நான் பெருந்தன்மையான ஆள். அவன் செய்த துரோகத்தை மறந்துவிடுகிறேன் என்று முடிவெடுத்துவிட்டேன். பழைய சீலை வேண்டாம், பொலித்தீனில் கட்டுவோம், அவன் ஆசைப்பட்ட மாதிரியே. முச்சையை அவன் கட்டட்டும், கயிற்றையும் அவனே பிடிக்கட்டும். நான் தூக்கி மட்டும் விடுகிறேன். அவன் இல்லாமல் இந்த வருஷம் பொங்கலுக்கு நான் கடற்கரைப் பக்கமே... சரி, அதை விடுங்கோ. ஓடிப்போய் ஏற்றுகிற நேரம் அவன் திரும்பிப் பார்த்து, "விடு மச்சான்!" என்பான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் வாய் திறக்கும். அது எனக்குச் செய்யவே வருகிறதில்லை அண்ணை, எத்தனை தரம் செய்து பார்த்துவிட்டேன்.

அண்ணை, உங்கள் போனை ஒருக்கால் தருவீங்களா? ஒரே ஒரு கோல். என் நம்பர் அவனுக்குப் போகாது. வாசிகசாலையைப் பூட்டுவதற்குள் அவன் ஓம் சொல்ல வேணும். இல்லை, இல்லை, பகிடி ஒன்றும் விடமாட்டேன். அதிபர் குரலில் எடுத்தால் பயந்து ஓம் சொல்லுவான், எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு வேண்டாம். என் குரலிலேயே கதைக்கிறேன். நல்ல மனுஷன் நீங்கள். நம்பர் மனப்பாடம்.

மணி அடிக்கிறது.

அடிக்கிறது...

ஹலோ. மயூரதன்? நான்தான்டா... நான், சாருஜன். வைக்காத, வைக்காத மச்சான். பஸ்ஸில வாறன். ஒரு அண்ணையின்ர போன்... இல்லையடா, ஒரு விளையாட்டும் இல்லை. இண்டைக்குப் பேர் குடுக்கிற கடைசி... ஓம். ஓம்டா. நீ வந்து சொன்னாக் காணும். பொலித்தீனிலயே கட்டுவம். மாமி எப்பிடி இருக்கிறா?... மயூரதன், கேள், நான் வந்து படலையில நிக்கிறன், நீ கதைக்க வேண்டாம், சும்மா வந்து... என்ன? இல்லை, நான்தான்டா! என்ர குரல்தான். சத்தியமா என்ர... ஹலோ? ஹலோ?

வைத்துவிட்டான்.

ஒன்றுமில்லை அண்ணை. தூசி. யன்னலைச் சாத்துங்கோ.

என்ன சொன்னான் என்றா? சிரித்தான். பாதிவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், மூச்சு விடுகிறது எனக்குக் கேட்டது. பிறகு சிரித்துப்போட்டு, "ஆர்ரா நீ? நல்லாத்தான் செய்யிறாய். ஆனா சாருஜன்ர குரல் இப்பிடி இல்லை. அவன் ஒருநாளும் இவ்வளவு பணிஞ்சு கதைக்கமாட்டான், மாமி எப்பிடியெண்டு கேக்கவும்மாட்டான். இன்னும் கொஞ்சம் பழகு" என்றான்.

பகிடியாகச் சொல்லியிருப்பானா? அவன் பகிடி விடுகிற ஆளே இல்லையே.

அண்ணை, இந்தாங்கோ போன். நீங்கள் ஒருக்கால் எடுத்துச் சொல்லுங்கோ. உங்கள் குரல் அவனுக்குப் புதிது, நம்புவான். பேர் குடுக்கிறதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருக்கிறது சாருஜன்தான், இப்போது கதைத்தது அவனுடைய சொந்தக் குரல்தான் என்று மட்டும் சொல்லுங்கோ. அது காணும். யாழ்ப்பாணத்திலிருந்து என்னோடுதானே வாறீங்கள், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்கள்.

ஏன் அண்ணை அப்படிப் பார்க்கிறீங்கள்? எடுங்கோ.

என்ன? என் சொந்தக் குரல் எதென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்றோ?